தேடுபெட்டிச் சொற்களும் வங்கியின் நாடியும்: சில குறிப்புகள்

கூகுளில் ஜனங்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கவனித்து வந்தால், ஒரு வங்கி திடமாக நிற்கிறதா, சாயப்போகிறதா என்பதை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம் என்றொரு கருத்து சுமார் பதினைந்து ஆண்டுகளாகப் பொருளியலாளர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. மத்திய வங்கிகளே இந்த வகைத் தரவு பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கின்றன. இப்போது நம் வட்டாரத்துத் தோழர்கள் சிலரும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள், ஆனால் வேறொரு காரணத்துக்காக. வங்கியின் ஆண்டறிக்கை பூசி மெழுகியது. தரமதிப்பீட்டு நிறுவனம் யாரை மதிப்பிடுகிறதோ அவர்களிடமே கூலி வாங்குகிறது. நாளிதழ் விளம்பரத்துக்குக் கட்டுப்பட்டது. ஆனால் ராத்திரியில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து செல்போனில் தட்டுகிற சொல்லுக்கு யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவை இல்லை, ஆகவே அதுவே கலப்படமற்ற மக்கள் குரல் என்பது அவர்களுடைய வாதம். "ரிசர்வ் வங்கி வாயத் தெறக்கிறதுக்கு முன்னாடி ஜனங்க தேடல் சொல்லிடும் தோழர்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார்.

இந்த வாதத்தில் பாதி எனக்கு உடன்பாடுதான். மறுபாதியை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மக்கள் குரல் என்று நாம் கொண்டாடுவது மக்களைப் பற்றிய வேவுக் குறிப்பாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே காகிதத்தில்தான் எழுதப்படுகின்றன.

முதலில் முறை என்ன என்று பார்த்துவிடுவோம். கூகுள் நிறுவனம் 2006இல் 'ட்ரெண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு வசதியைத் திறந்துவிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்தால், 2004 முதல் அந்தச் சொல் எந்தெந்தக் காலத்தில் எவ்வளவு தேடப்பட்டது என்பதை ஒரு கோடாக வரைந்து காட்டும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, அது எண்ணிக்கையைச் சொல்வதில்லை என்பதை. ஆயிரம் பேர் தேடினார்களா, பத்து லட்சம் பேர் தேடினார்களா என்று தெரியாது. மொத்தத் தேடலில் அந்தச் சொல்லின் பங்கு எந்த வாரத்தில் உச்சமோ அந்த வாரத்துக்கு 100 என்று போட்டு, மற்ற வாரங்களை அதை வைத்து 0 முதல் 100 வரை அளந்து தரும். அதுவும் எல்லாத் தேடலையும் எண்ணி அல்ல, ஒரு மாதிரியை மட்டும் எடுத்து. குறைந்த அளவு தேடப்படும் சொல் என்றால் சுழியம் என்றே காட்டிவிடும். இந்தச் சுழியத்துக்குப் பிறகு வருகிறேன்.

2009இல் கூகுளின் தலைமைப் பொருளியலாளர் ஹால் வேரியனும் ஹ்யூன்யங் சோய் என்பவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலையின்மை, கார் விற்பனை போன்றவற்றுக்கு அரசாங்கப் புள்ளிவிவரம் வந்துசேரச் சில வாரங்கள் ஆகின்றன. தேடலோ இன்றைக்கே கையில் இருக்கிறது. எனவே எதிர்காலத்தை விடுங்கள், நிகழ்காலத்தையாவது கணித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அடக்கமான கோரிக்கைதான். 2011இல் இங்கிலாந்து வங்கி தன் காலாண்டு இதழில் வீட்டு விலை, வேலையின்மை பற்றி இதே முறையைச் சோதித்துப் பார்த்தது. அடக்கமில்லாதவர்களும் வந்தார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு 98 சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் தேடல் ஏறும்போது பங்குகளை விற்று, இறங்கும்போது வாங்கியிருந்தால் 2004க்கும் 2011க்கும் இடையே என்ன லாபம் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டது. 'கடன்' என்ற சொல்தான் முதலிடம். 326 சதவீத லாபமாம். ஆட்டம் முடிந்த பிறகு 98 குதிரைகளில் ஜெயித்த குதிரையைக் காட்டுகிற ஜோசியம் இது என்று எனக்குப் படுகிறது. இருந்தாலும் அந்தச் சொல் கடன் என்பதாக இருந்தது வேடிக்கைதான்.

வங்கி விஷயத்துக்கு வருவோம். நான் படித்தவற்றில் ஓரளவு நம்பத் தகுந்தது ஜெர்மனி பற்றிய ஓர் ஆய்வு. 2008 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, அன்றைய ஜெர்மன் அதிபர் மெர்க்கெலும் நிதியமைச்சர் ஸ்டைன்ப்ரூக்கும் காமிராக்கள் முன் வந்து, உங்கள் சேமிப்புக்கு ஆபத்தில்லை என்று ஜனங்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். அந்த அளவுக்குப் பயம் இருந்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் அந்தப் பயத்தை அளக்க எடுத்துக்கொண்டது எந்த வங்கியின் பெயரையும் அல்ல. 'வைப்புக் காப்பீடு' என்ற சொல்லையும் அதையொட்டிய தேடல்களையும். அந்தத் தேடல் ஏறிய காலங்களில் தனியார் வங்கிகளிலிருந்து அரசின் பின்பலம் உள்ள வங்கிகளை நோக்கி வைப்புகள் நகர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள்.

இது ஏன் வேலை செய்தது என்பதற்குப் பொருளியல் தேவையில்லை, சொற்களோடு பழகியவர்களுக்கே விளங்கும். வைப்புக் காப்பீடு என்பது நல்ல காலத்தில் யாருக்கும் ஞாபகம் வராத சொல். அதைத் தட்டுகிறவர் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: வங்கி போய்விட்டால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே இடைவெளி குறைவு. வங்கியின் பெயர் அப்படியல்ல. 'இந்தியன் வங்கி' என்று தமிழ்நாட்டில் ஓர் இளைஞர் தேடினால், அவருக்கு அந்த வங்கியில் பத்துப் பைசாகூட இல்லாமல் இருக்கலாம். எழுத்தர் தேர்வு முடிவு வந்துவிட்டதா என்று பார்க்கிறார். ஒருவர் ஐஎஃப்எஸ்சி எண்ணுக்காகத் தேடுகிறார், இன்னொருவர் கிளை எத்தனை மணி வரை என்று, இன்னொருவர் நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று. பெயர்த் தேடல் திடீரென ஏறினால் அது பீதியா, விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியா என்பதைக் கோடு சொல்லாது. சொல்லின் பொருள் சூழலில் இருக்கிறது என்பதை நாம் இலக்கியத்தில் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. ஆனால் எண் என்று வந்துவிட்டால் நமக்கே ஒரு பயபக்தி வந்துவிடுகிறது.

பேராசையும் அதே சொல்லைத்தான் தட்டும். பங்குச் சந்தை பற்றி 2011இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வு, ஒரு நிறுவனத்தின் பங்கைப் பற்றிய தேடல் ஏறினால் அடுத்த இரண்டு வாரங்களில் விலை ஏறுகிறது, ஓராண்டுக்குள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது என்று கண்டது. அதாவது சிறு முதலீட்டாளர்கள் தேடுகிறார்கள், வாங்குகிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வங்கி சரியும்போது அதன் பெயரைத் தேடுகிறவர்களில், போட்ட பணத்தை எடுக்கத் தவிக்கிறவரும் இருப்பார், மலிவாகக் கிடைக்கிறதே என்று பங்கு வாங்க நாக்கைத் தொங்கப்போடுகிறவரும் இருப்பார். இருவரையும் ஒரே கோட்டில் கூட்டிப்போட்டு 'மக்கள்' என்று பெயர் வைத்தால் எப்படி?

தேடல் தரவின் மிகப் பிரபலமான தோல்வி காய்ச்சலில் நிகழ்ந்தது. கூகுள் 2008இல் ஃப்ளூ காய்ச்சலைத் தேடல் வழியே கண்காணிக்கத் தொடங்கியது. 2009இல் 'நேச்சர்' இதழில் அதன் முறையை வெளியிட்டு அமர்க்களப்படுத்தியது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காய்ச்சலை அது காட்டியது. 2015இல் கடையைச் சாத்தினார்கள். காய்ச்சல் பற்றிய செய்திகளைப் பார்த்து, காய்ச்சல் இல்லாதவர்களும் தேடியது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆனால் காய்ச்சலுக்கும் வங்கிக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஊரே ஃப்ளூ என்று தேடினாலும் ஒருவருக்குக்கூட அதனால் ஜுரம் வராது. வங்கிக்கு வரும். எந்த வங்கியும் வாங்கிய டெபாசிட்டைப் பெட்டியில் பூட்டிவைப்பதில்லை. நாம் எப்போது கேட்டாலும் தருவதாக வாங்கி, பத்து இருபது ஆண்டுகளில் திரும்பி வரும் கடனாகக் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள் என்பதன்மீதுதான் மொத்தத் தொழிலும் நிற்கிறது. கேட்டுவிட்டால் நல்ல வங்கியும் விழும். ஜப்பானில் 1973 டிசம்பரில் நடந்த ஒரு சம்பவத்தை இதற்கு எப்போதும் சொல்வார்கள். டொயொகாவா என்ற ஊரின் சிறு வங்கியில் வேலைக்குச் சேரப்போகும் பள்ளி மாணவியை ரயிலில் தோழிகள் கேலி செய்தார்கள்: அங்கே போகாதே, ஆபத்து. கொள்ளைக்காரன் வருவான் என்ற அர்த்தத்தில் சொன்ன பேச்சு அது. வாய் மாறி வாய் மாறி, அந்த வங்கியே ஆபத்தில் இருக்கிறது என்றாகி, சில நாட்களில் பெருந்தொகையை ஜனங்கள் எடுத்துவிட்டார்கள். வங்கியில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் காலத்தில் தேடுபெட்டி இருந்திருந்தால் அந்த வாரத்தின் கோடு 100ஐத் தொட்டிருக்கும். அதைப் பார்த்த ஆய்வாளர், வங்கி நோயில் கிடக்கிறது என்று எழுதியிருப்பார். அதைப் படித்து மிச்சமுள்ளவர்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆக, இது வெளியே நின்று உடம்புச் சூட்டைப் பார்க்கிற வெப்பமானி இல்லை. அளக்கிற காரியமே சூட்டை ஏற்றும்.

இத்தோடு விட்டுவிட்டால், தேடல் வெறும் வதந்தியின் நிழல் என்றாகிவிடும். அதுவும் சரியில்லை. வதந்தி என்ற சொல்லையே நாம் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு நம் கண் முன்னால் நடந்த யெஸ் வங்கி விவகாரம் இருக்கிறது.

2019 செப்டம்பர் இறுதியில் யெஸ் வங்கியில் இருந்த வைப்புகள் 2.09 லட்சம் கோடி ரூபாய். டிசம்பர் இறுதியில் அது 1.66 லட்சம் கோடி. 2020 மார்ச் 5 அன்று 1.37 லட்சம் கோடி. அன்று மாலைதான் ரிசர்வ் வங்கி மொரட்டோரியம் அறிவித்து, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்றது. அந்த வங்கியை நம்பியிருந்த போன்பே பணப் பரிமாற்றமும் சேர்ந்து நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் நாடு முழுக்க ஏடிஎம் வாசல்களில் கூட்டம், தொலைக்காட்சியில் அழுகை, தேடுபெட்டியில் கொந்தளிப்பு எல்லாம். கணக்கைத் திரும்பப் பாருங்கள். அறிவிப்புக்கு முந்தைய ஐந்து மாதங்களில், மூன்றில் ஒரு பங்கு, சுமார் 72,000 கோடி ரூபாய் சத்தமில்லாமல் வெளியே போயிருக்கிறது. அப்போது எந்த ஏடிஎம்மிலும் வரிசை இல்லை.

போனவர்கள் யார்? எல்லோரையும் நமக்குத் தெரியாது. ஒருவரைத் தெரியும்: ஏழுமலையான். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தன் 1,300 கோடி ரூபாயைச் சில மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட்டதைப் பிறகு செய்தித்தாள்கள் எழுதின. பூரி ஜகந்நாதருக்கு அந்த யோகம் இல்லை. அவருடைய 545 கோடி உள்ளே மாட்டிக்கொண்டது. தேவஸ்தானத்து அதிகாரிகள் கூகுளில் 'யெஸ் வங்கி பத்திரமா' என்று தட்டிப் பார்த்து முடிவெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பணத்துக்கு ஆலோசகர் உண்டு, தணிக்கையாளர் உண்டு, போனில் கூப்பிட்டுக் கேட்க ஆள் உண்டு. தேடுபெட்டியில் தட்டுகிறவர், கேட்பதற்கு வேறு ஆள் இல்லாதவர். அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலும் இதுதான் நடந்தது. 2023 மார்ச் 8 அன்று அது தன் நஷ்டத்தை அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அதற்கு மறுநாள் இன்னும் 10,000 கோடி டாலர் வெளியேறக் காத்திருந்தபோது வங்கி மூடப்பட்டது. வைப்புகளில் 90 சதவீதத்துக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தவை, அதாவது பெரிய கைகள். முதலீட்டாளர்களும் தொழில்முனைவோரும் தங்களுக்குள் தகவல் பரிமாறி, செல்போனிலேயே பணத்தை நகர்த்திவிட்டார்கள். வாரக் கணக்கில் வரையப்படும் கோட்டுக்கு இங்கே என்ன வேலை?

எனவே தேடல் காட்டுவது வங்கியின் நலிவை என்பதைவிட, நலிவு பற்றிய செய்தி கடைசிப் படியில் நிற்கிறவரை வந்தடைந்த நேரத்தை என்று சொல்வது பொருத்தம். அது முக்கியமில்லாத விஷயம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எப்போது தெரிந்தது என்பது ஒரு வர்க்கக் கேள்வி. தேடல் கோட்டையும் வைப்புகள் வெளியேறிய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை ஒருவர் ஆராய்ந்தால், அது எனக்குப் பயனுள்ள ஆய்வாகத் தோன்றும்.

அந்த இடைவெளியில் இன்னொரு சங்கதியும் நடந்தது. 2019 அக்டோபரில் யெஸ் வங்கி, தன்னைப் பற்றி வாட்ஸ்அப்பிலும் சமூக ஊடகங்களிலும் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்று மும்பை போலீசில் புகார் கொடுத்தது. அதே மாதம் 1ஆம் தேதி ரிசர்வ் வங்கியும், சில வங்கிகள் பற்றி வதந்தி உலவுகிறது, இந்திய வங்கி அமைப்பு பாதுகாப்பாகவும் நிலையாகவும் இருக்கிறது என்று அறிக்கை விட்டிருந்தது. பயந்தவர் பேச்சு வதந்தி. அதைப் பரப்பினால் குற்றம். தேவஸ்தானம் பயந்தால் அது முன்னெச்சரிக்கை. ஒரே பயம்தான், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது. அதிகாரம் சொல்லாடல் வழியே இயங்குகிறது என்று பூக்கோவைப் படித்துவிட்டு நாம் பக்கம் பக்கமாக எழுதினோமே, அதற்கு இதைவிடச் சுலபமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது சுழியத்துக்கு வருகிறேன். யெஸ் வங்கி நாடறிந்த வங்கி. சின்ன வங்கிகளின் கதை என்ன? மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பிஎம்சி கூட்டுறவு வங்கியை 2019 செப்டம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி முடக்கியது. முதலில் ஆறு மாதத்துக்கு மொத்தமே 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். டாக்சி ஓட்டுகிறவர், சின்னக் கடைக்காரர், ஓய்வூதியக்காரர் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள். அந்த வங்கி கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கணக்குகள். அந்த ஜனங்களிடம் முன்கூட்டிய பயம் எதுவும் இருந்திருக்க முடியாது. பயப்படக் காரணமான தகவலே அவர்களுக்கு வரவில்லை. தேடல் கோடு அமைதியாகக் கிடப்பது வங்கி நலமாக இருப்பதாலும் இருக்கலாம், மோசடி நன்றாக நடப்பதாலும் இருக்கலாம்.

நம் பக்கத்தில் இதற்கு மொழியும் சேர்ந்துகொள்கிறது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 17 அன்று அதற்கு மொரட்டோரியம், 25,000 ரூபாய் வரம்பு. பத்தே நாளில் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது. பங்கு வைத்திருந்த பழைய குடும்பங்களுக்கு ஒரு பைசா இல்லை. இந்த வங்கி பற்றிய கவலையை ஒருவர் தேட வேண்டுமானால் எத்தனை விதமாகத் தேடுவார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஆங்கிலத்தில் முழுப் பெயரைத் தட்டுவார், ஒருவர் எல்விபி என்று சுருக்குவார், ஒருவர் லட்சுமி விலாஸ் என்பார், ஒருவர் லக்ஷ்மி விலாஸ் என்பார். வங்கி என்பார், பேங்க் என்பார், பாங்கு என்றும் எழுதுவார். 'பணம் வருமா' என்பதை ஆங்கில எழுத்திலேயே தட்டுகிறவர் எத்தனையோ பேர். குரல் வழியாகக் கேட்கிறவரின் கேள்வி, கருவி எப்படிக் காதில் வாங்கியதோ அப்படி எழுதப்படும். ஒரே பயம் இருபது எழுத்துக்கூட்டல்களில் சிதறுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே மிகச் சிறிது என்பதால் கூகுள் அதைச் சுழியம் என்று காட்டும் வாய்ப்பே அதிகம். இதற்கு மேல், தேடவே தேடாதவர்கள் இருக்கிறார்கள். வங்கி வாசலில் படிவம் நிரப்பிக் கொடுப்பவரிடம் கேட்பார்கள், மகளிர் குழுத் தலைவியிடம் கேட்பார்கள். "ஏம்மா, பேங்கு ஏதோ போகப்போவுதாமே, நிசமா?" இந்தக் கேள்வி எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாது. ஆகவே மக்கள் குரல் என்று நம் தோழர்கள் சொல்லும்போது, எந்த மக்கள், எந்த மொழியில் என்று கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இந்தக் கோட்டை யார் பார்க்கிறார்கள் என்ற விஷயம். நமக்குக் காட்டப்படுவது 0 முதல் 100 வரையிலான ஒரு கோடு மட்டும். அதன் பின்னால் உள்ள முழுத் தேடலும், யார் எங்கிருந்து எந்த நேரத்தில் தேடினார் என்பதும் கூகுளிடம் இருக்கிறது. வங்கிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஜனங்களின் பயத்தை முன்கூட்டி அறிவதில் அக்கறை இருப்பது இயல்புதான். சமூக ஊடகங்களில் வங்கிகள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் 2024 அக்டோபரில் பேசினார். சரி, அவர்கள் நம்மைப் பார்க்கட்டும். நாம் அவர்களைப் பார்க்க முடிகிறதா?

இது வெற்றுக் கேள்வி இல்லை, நீதிமன்றத்தில் நடந்த கேள்வி. ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வங்கியையும் ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறது. வங்கியின் நாடி உண்மையில் அங்கேதான் பிடிக்கப்படுகிறது. அந்த அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்த தகவல், தரமாட்டோம் என்றது ரிசர்வ் வங்கி. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் அந்த வாதத்தை நிராகரித்தது: உங்கள் கடமை பொதுமக்களுக்கு, தனிப்பட்ட வங்கிகளின் நலனைக் காப்பதற்கு அல்ல. அதன் பிறகு ரிசர்வ் வங்கி எதையெல்லாம் தரமாட்டோம் என்று புதிதாக ஒரு கொள்கையே வகுத்தது. 2019 ஏப்ரலில் நீதிமன்றம் அதைத் திரும்பப் பெறச் சொன்னது. பிறகு வங்கிகளே நேரில் வந்தன. 2015 தீர்ப்பைத் திரும்பப்பெற 2021இல் மறுத்த நீதிமன்றம், 2022 செப்டம்பரில் வங்கிகளின் மனுக்களை விசாரிக்க ஒப்புக்கொண்டது. அந்தரங்க உரிமை என்ற கோணத்தை முந்தைய தீர்ப்பு போதிய அளவு பார்க்கவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். ராத்திரியில் பயந்துபோய்த் தேடுகிறவரின் சொல் புள்ளியாகிக் கோடாகி ஆய்வுக் கட்டுரைக்குப் போகிறது. அந்தரங்கம் என்ற சொல் வங்கிகளின் மனுவில் இருக்கிறது.

யெஸ் வங்கியையே இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்கலாம். 2015-16ஆம் ஆண்டுக்கு அது காட்டிய வாராக்கடன் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து பார்த்தபோது அது 4,926 கோடி. அடுத்த ஆண்டுக்கு வேறுபாடு 6,355 கோடி. இந்த எண்கள் எப்படி வெளியே வந்தன? குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலில் போட்ட ஓர் உத்தரவால். 2019 பிப்ரவரியில் யெஸ் வங்கி, இந்த முறை வேறுபாடு எதுவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது எனத் தானாக முந்திக்கொண்டு அறிவித்தது. பங்கு விலை எகிறியது. உடனே ரிசர்வ் வங்கி, அது ரகசிய அறிக்கை, அதிலிருந்து ஒரு வரியை உருவி வெளியிட்டது விதிமீறல் என்று கண்டித்தது. ரகசிய அறிக்கையிலிருந்து தனக்குச் சாதகமான வரியை வங்கியால் எடுத்துச் சொல்ல முடிந்தது. அதே அறிக்கையின் மற்ற வரிகள் பணம் போட்டவருக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேறுபாட்டுக் கணக்கும் சர்வரோக நிவாரணி இல்லை. பிஎம்சி மாதிரி புத்தகத்தையே பொய்யாக எழுதியவர்களிடம் இது செல்லாது. அங்கே வங்கிக்கு உள்ளேயிருந்து தகவல் கசிந்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. ஆனாலும் தேடல் கோட்டை வரைந்து காட்டுகிற நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். யெஸ் வங்கியின் 4,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மறைப்பு 2017இலேயே அச்சில் வந்துவிட்டது, மொரட்டோரியத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அது வங்கியின் ஆண்டறிக்கையில், 'கணக்குகளுக்கான குறிப்புகள்' என்ற பகுதியில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. உங்கள் பணம் இருக்கிற வங்கியின் அறிக்கையும் அதன் இணையதளத்தில் கிடக்கும். இறக்கிக்கொண்டு, வாராக்கடன் வேறுபாடு என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வரியைத் தமிழில் எழுதி நாலு பேருக்குச் சொல்ல வேண்டிய வேலையும் பாக்கியிருக்கிறது.